ஒல்லியாக இருந்தால் வராதாமே!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பேருந்தில் ஏறினால், ஆதிச்சநல்லூர் வருவதற்குள் சுற்றுவட்டாரத்து நோய்க்கதை முழுக்கக் காதில் விழுந்துவிடும். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு பிடுங்கினார்கள் என்று சத்தமாகவே பேசுவார்கள். மார்பில் வந்த புற்றுநோய் என்றால் மட்டும் குரல் இறங்கும். இறங்கிய குரலில் தீர்ப்பும் சட்டென்று வந்துவிடும்: "நல்லா சதை போட்டிருந்தால்லா, அதான் வந்துட்டு." நோய் கண்டவர் மெலிந்த உடம்புக்காரியாக இருந்துவிட்டால் தீர்ப்பு திகைப்பாக மாறும்: "ஈர்க்குச்சி மாரி இருப்பாளே, அவளுக்கு எப்படி வந்துச்சு?"

இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் கிடக்கிறது. மார்பகப் புற்றுநோய் குண்டான பெண்களுக்கு வருவது. உட்கார்ந்து தின்று உடம்பு வைத்தவர்களுக்கு வருவது. உப்பளத்திலும் வாழைத்தோட்டத்திலும் வெயிலில் நின்று உடம்பை இறுக்கி வைத்திருப்பவர்களை அண்டாது. படித்தவர்கள் இதையே "வாழ்க்கைமுறை நோய்" என்ற சொல்லால் நாகரிகமாகச் சொல்கிறார்கள். அக்டோபர் பிறந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய கூட்டங்களில் முதல் அறிவுரையே எடையைப் பற்றித்தான். எடை குறைப்பு வியாபாரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். பவுடர் டப்பாவின் விளம்பரத்தில் புற்றுநோயையும் ஒரு மூலையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த நம்பிக்கையை மறுத்தே ஆகவேண்டும். சங்கடம் என்னவென்றால், இது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் இத்தனை ஆபத்தும் இருந்திருக்காது.

முதலில் எதிர்த்தரப்பின் கையிலுள்ள உண்மையை மொத்தமாக எடுத்து மேசையில் வைத்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. அது கூட்டிய நிபுணர் குழு உடல் கொழுப்பையும் புற்றுநோயையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2016-இல் முடிவு சொன்னது. அதிகக் கொழுப்பு சேராமல் பார்த்துக்கொண்டால் 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து குறையும் என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என்றது. அந்தப் பட்டியலில் மார்பகப் புற்றும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு அடைமொழியும் உண்டு: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்று. கூட்டங்களில் பேசுகிறவர்கள் பட்டியலைப் படிக்கும்போது அந்த அடைமொழியை விழுங்கிவிடுகிறார்கள். என் சண்டை பெரும்பாலும் அந்த விழுங்கலோடுதான்.

ஏன் மாதவிடாய் நின்ற பிறகு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்? மாதவிடாய் இருக்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜென் சுரப்பது முக்கியமாகச் சினைப்பையில். அது ஓய்ந்த பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜென் அடியோடு இல்லாமல் போவதில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்தன்மை ஹார்மோன்களைக் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிவிடுகிறது. கொழுப்பு கூடினால் இந்த உற்பத்தியும் கூடும். ஈஸ்ட்ரோஜெனைப் பார்த்து வளர்கிற வகைக் கட்டிகளுக்கு அது தீனி. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்து மாத்திரையில் இருக்கும் ஆச்சிகளின் சீட்டில் லெட்ரோசோல் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த மாத்திரை மறிப்பது இதே நொதியைத்தான். ஆக, எடைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு கற்பனை இல்லை.

அந்தத் தொடர்பு எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு வந்தால்தான் நம் மேடைப் பேச்சு தள்ளாடத் தொடங்கும். 2008-இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில், பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் அளவு) எண் ஐந்து கூடும்போது மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்று ஆபத்து 12 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். ஐந்து எண் என்பது ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் பதினொன்றரை கிலோ. பன்னிரண்டு சதவீதம் என்றதும் நூற்றில் பன்னிரண்டு பேருக்கு நோய் வந்துவிடும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் 2020 அறிக்கைப்படி இந்தியப் பெண்களில் 29 பேரில் ஒருவருக்கு 74 வயதுக்குள் மார்பகப் புற்று வர வாய்ப்புண்டு. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் முப்பத்து நான்கு, முப்பத்தைந்து பேர். அத்தனை பேரும் பதினொன்றரை கிலோ கூடினார்கள் என்று வைத்து, ஆபத்து முழுக்க அந்தப் பன்னிரண்டு சதவீதப்படி ஏறியதாகவே தோராயமாகப் போட்டாலும் இன்னும் நான்கு பேர் சேருவார்கள். ஆசிய பசிபிக் பகுதி ஆய்வுகளில் இந்தத் தொடர்பு கூடுதல் வலுவாக வந்திருக்கிறது. சரி, மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள், பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் முக்கியம்தான், மறுக்கவில்லை. மற்ற முப்பத்து நான்கு பேரைப் பற்றி யார் பேசுவது?

இனி மாதவிடாய் நிற்காத பெண்களிடம் வருவோம். இங்கே நம்பிக்கை தலைகீழாகவே கவிழ்கிறது. 19 நீண்டகால ஆய்வுகளில் இருந்த 7,58,592 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 18 முதல் 24 வயதில் பி.எம்.ஐ. ஐந்து எண் கூடுதலாக இருந்தவர்களுக்கு, மாதவிடாய் நிற்குமுன் மார்பகப் புற்று வரும் ஆபத்து 23 சதவீதம் குறைவாக இருந்தது. குறைவு என்றுதான் எழுதியிருக்கிறேன், அச்சுப்பிழை இல்லை. மெலிந்த இளம்பெண்ணுக்கே ஆபத்து சற்றுக் கூடுதல். ஏன் என்பதற்கு முழு விளக்கம் இன்னும் முடிவாகவில்லை. இதைப் படித்துவிட்டு மகளுக்குக் கூடுதலாக இரண்டு மஸ்கோத் அல்வாத் துண்டு ஊட்டிவிட வேண்டாம். இளம்வயதில் பருமனாக இருப்பதால் வரும் சர்க்கரையும் இதய நோயும் எங்கும் போய்விடவில்லை. தவிர, அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டுப் பெண்கள். நான் முன்பு சொன்ன லான்செட் தொகுப்பிலேயே ஆசிய பசிபிக் பகுதியின் இளம்பெண்களிடம் விளைவு எதிர்த்திசையில், எடை கூடக் கூட ஆபத்தும் கூடுவதாக வந்தது. ஆக இளவயதில் எடைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு ஊருக்கு ஊர் முரண்டு பிடிக்கிறது. இவ்வளவு முரண்டு பிடிக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு பேருந்தில் தீர்ப்பு எழுதுகிறோம்.

"இளம்பெண்கள் கணக்கெல்லாம் எதற்கு, இது வயதானவர்களுக்கு வருவதுதானே" என்று கேட்கலாம். மேற்கு நாடுகளில் அது பொருந்தும். இந்தியாவில் மார்பகப் புற்று நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டாதவர்கள். இதைச் சொன்னதும் "நம் பெண்களுக்கு இளவயதிலேயே வந்துவிடுகிறது, எல்லாம் பிராய்லர் கோழியால்" என்று இன்னொரு வதந்தி கிளம்பும். அதையும் இங்கேயே நிறுத்திவிடுகிறேன். நம் மக்கள்தொகையே இளையது. நாற்பது வயதுக்காரர்கள் கூட்டமாக இருக்கிற நாட்டில் நாற்பது வயது நோயாளிகளும் கூட்டமாகத்தான் இருப்பார்கள். காரணம் எதுவானாலும் ஒன்று நிச்சயம்: "எடை கூடினால் மார்பகப் புற்று" என்ற விதி உறுதியாகப் பொருந்துவது மாதவிடாய் நின்றவர்களுக்கு, நம் ஊரில் நோய் வருகிறவர்களில் கணிசமான பகுதி அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

கட்டிகளிலும் வகை உண்டு. ஈஸ்ட்ரோஜெனுக்கோ மற்ற இரண்டு ஏற்பிகளுக்கோ பதில் சொல்லாத கட்டியை மருத்துவர்கள் டிரிப்பிள் நெகட்டிவ் என்பார்கள். மேற்கில் இது நூறில் பத்து, பதினைந்து. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நூறில் முப்பதுக்கு அருகில் வந்தது. கொழுப்பு ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கிறது, ஈஸ்ட்ரோஜென் கட்டியை வளர்க்கிறது என்ற சங்கிலி இந்த முப்பது பேரிடம் அறுந்துபோகிறது. வேகமாகப் பரவக்கூடிய வகையும் இதுதான்.

சரி, எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்று "நாற்பத்தெட்டு கிலோதான், எனக்கு ஒன்றுமில்லை" என்று இறங்குகிற பெண்ணுக்கு வருவோம். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 2004-இல் லான்செட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சின்னக் குறிப்பு வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஞ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் அதில் உண்டு. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு ஆண்களின் படம்தான். ஆனாலும் தெற்காசிய உடம்பைப் பற்றி அத்தனை தெளிவாகச் சொன்ன படம் வேறில்லை. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தனி என்ற உருவத்தை நம் தெருவில் எங்கேயும் பார்க்கலாம். தராசு அதைப் பார்ப்பதில்லை. இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் அதே 2004-இல் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே கவனம் தேவை என்றார்கள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று 2009-இல் நம் மருத்துவர்களும் வரையறுத்தார்கள்.

இது மார்பகப் புற்றுக்கும் பொருந்துகிறது. அமெரிக்காவில் பி.எம்.ஐ. சரியான அளவில் இருந்த, மாதவிடாய் நின்ற 3,460 பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். எடைப்படி ஒருவரும் குண்டில்லை. ஸ்கேனில் கொழுப்பு அதிகம் தெரிந்த கால்வாசிப் பேருக்கு, குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட நோய் ஏறக்குறைய இரு மடங்காக வந்தது. நம் பக்கத்துக்கு வந்தால், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய தென்னிந்திய ஆய்வு 2008-இல் வந்தது. 1,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஏறக்குறைய அதே அளவு நோயில்லாத பெண்களையும் ஒப்பிட்டதில் இடுப்பு 85 சென்டிமீட்டருக்கு மேல் போனவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2016 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இளம்பெண்களிடம் பி.எம்.ஐ. ஒரு கதை சொல்ல, இடுப்புக்கும் பிட்டத்துக்குமான விகிதம் வேறு கதை சொன்னது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு மாதவிடாய் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும் ஆபத்து ஏறியது.

கிலோவை வைத்துக் கட்டிய நம்பிக்கை இத்தனை இடத்தில் பிய்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் மிச்சம் இருக்கிறது. "கிராமத்தில் குறைவாகத்தானே வருகிறது? சென்னையில் அதிகம், திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் குறைவு என்று பதிவேடுகளே சொல்கின்றனவே?" என்பார்கள். உண்மை. அம்பிளிக்கையிலிருந்து நடத்தப்பட்ட திண்டுக்கல் மாவட்டப் பதிவேடு அதைத்தான் காட்டியது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தைத் தூக்கி எடையின் கையில் கொடுத்துவிடுவது அவசரம். கிராமத்துப் பெண் இளவயதில் முதல் பிள்ளையைப் பெற்றாள், நான்கைந்து பெற்றாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்தாள். ஒவ்வொரு பேறும் ஆபத்தை 7 சதவீதம் குறைக்கிறது, பால் கொடுக்கிற ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் மேலும் 4.3 சதவீதம் குறைக்கிறது என்று 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்த தொகுப்பு 2002-இல் கணக்குப் போட்டது. கிராமத்தைக் காத்ததில் பெரிய பங்கு அதற்கு உண்டு. அந்தக் கிராமம் இப்போது எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு இரண்டுக்குக் கீழே போய் வருடங்கள் ஆகின்றன. ஆதிச்சநல்லூர்ப் பெண்ணும் அண்ணாநகர்ப் பெண்ணும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பழைய கேடயம் போய்விட்டது. பழைய தைரியம் மட்டும் இருக்கிறது. இருப்பினும் நான்கைந்து பிள்ளை பெறச் சொல்லி யாரும் இதை ஆதாரமாகக் காட்டவேண்டாம்.

ஆதிச்சநல்லூர் என்ற பெயரைச் சொன்னாலே இன்னொரு கூட்டம் வந்துவிடும். பரம்பு மேட்டைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் தாழிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்: "கம்பும் கேழ்வரகும் தின்னு வாழ்ந்த காலம், அப்போ ஏது புற்றுநோய்." 114 ஏக்கர் இடுகாட்டு மேடு அது. 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். அடுத்து அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். 2004-இல் தொல்லியல் துறை மறுபடி இறங்கி நூற்றுக்கணக்கில் தாழிகளைக் கண்டது. கிடைத்தது எலும்பும் பானையும் இரும்பும் வெண்கலமும். மார்பகம் மெல்லிய சதை. மண்ணுக்குள் முதலில் கரைவது அதுதான். சதை மிஞ்சாத இடத்தில் சதையில் வரும் நோய் இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? அந்தக் காலத்து எகிப்தியர்கள் எழுதி வைத்த மருத்துவ ஏட்டில், கிட்டத்தட்ட 3,600 ஆண்டுக்கு முன்னாலேயே, மார்பில் புடைத்த கட்டி பதிவாகி, அதற்கு வைத்தியமில்லை என்றும் எழுதியிருக்கிறது. தாழிக்குள் போன பெண்களில் எத்தனை பேர் இந்நோய் வருகிற வயதுவரை உயிரோடு இருந்தார்கள் என்பது தனிக் கேள்வி. மூதாதையர் பெருமையைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களை மருத்துவ சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இதுவரை சொன்னது கணக்கு. கணக்குப் பிசகினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு காலை நேரத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க இருட்டோடு வந்து உப்பு வாரித் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும் பெண்கள் யாரும் குண்டில்லை. அவர்களில் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி சாயந்தரம் குளிக்கும்போது சோப்புக் கையில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை அளவு. கெட்டியாக இருக்கிறது, ஓரம் ஒழுங்காக இல்லை, அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் பெரிய ஏமாற்று. வலித்திருந்தால் மறுநாளே போயிருப்பாள். வலிக்கவில்லை, அவள் குண்டுமில்லை, வீட்டில் யாருக்கும் இந்த நோய் வந்ததுமில்லை. "பால்கட்டியா இருக்கும், பத்துப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கடைக்குட்டி பள்ளிக்கூடம் போய்ப் பத்து வருடம் ஆகிறது, பால்கட்டி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுந்து, காம்பு உள்ளே இழுத்து, அக்குளில் இன்னொரு கட்டி தட்டும்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். இந்தியாவில் மார்பகப் புற்றோடு வருகிறவர்களில் 57 சதவீதம் பேர் கட்டி அக்கம்பக்கத்தில் பரவிய நிலையில்தான் வருகிறார்கள் என்கிறது அதே 2020 அறிக்கை. ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு, இந்தியாவில் அறுபத்தாறு. 2022-இல் இந்தியாவில் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் வந்தது, 98,000 பேர் இறந்தார்கள். உயிர்பிழைப்பதில் இரண்டு நாட்டுக்கும் உள்ள இந்த இடைவெளிக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. நம் பெண்களைவிட அமெரிக்கப் பெண்கள்தான் பருமன்.

குண்டான பெண்களுக்கு இந்த நம்பிக்கை நன்மை செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. முழங்கால் வலி என்று போனாலும், மூச்சு வாங்குகிறது என்று போனாலும், மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று போனாலும் முதலில் விழும் சொல் "எடையைக் குறைங்கம்மா." இரண்டு தடவை கேட்டவள் மூன்றாம் தடவை போகமாட்டாள். பெரிய மார்பில் சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்படுவதும் கடினம். கூடுதல் கவனம் தேவைப்படுகிறவளையே நாம் கூசவைத்து விரட்டுகிறோம். நோய் வந்த பிறகு குற்றமும் அவள் தலையில். "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்காது" என்று மாமியார் சொல்வதற்கு நம் விழிப்புணர்வுக் கூட்டம்தான் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. வயது, பரம்பரை, வயதுக்கு வந்த காலம், மாதவிடாய் நின்ற காலம், மது, ஹார்மோன் மாத்திரை, எடை என்று காரணங்கள் வரிசையாக நிற்கையில், அவற்றுள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே காரணம் எடை என்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் என்றது. முந்தைய சுற்றில் 30.9. இந்த எண் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது, வரவேண்டியதுதான். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. புற்றுநோய் இருக்கிறதா என்று வாழ்நாளில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 5.6 சதவீதம், இந்திய அளவில் ஒன்றுகூட இல்லை, 0.9. இந்த எண்ணுக்கு எந்தப் பத்திரிகை தலைப்புப் போட்டது?

பரிசோதனை என்றால் மேமோகிராம், லட்சக்கணக்கில் மிஷின் என்று பயமுறுத்துவார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-இல் டாடா நினைவு மருத்துவமனை ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுவரை 1,51,538 பெண்கள். பாதிப்பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் மார்பைத் தடவிப் பார்த்தார்கள். மிஷின் எதுவும் இல்லை. இருபது வருடம் கழித்துப் பார்த்ததில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இந்நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே சாவு குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இளம்பெண்களிடம் ஒழுங்குமுறைப் பரிசோதனையைவிட, கட்டி தட்டியவுடன் தாமதிக்காமல் போவதுதான் இப்போதைக்கு நம்பக்கூடிய வழி. யார் யாரைத் தடவிப் பார்ப்பது என்று முடிவுசெய்ய அங்கே யாரும் தராசு வைக்கவில்லை. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயதுவரை எல்லாப் பெண்களுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. எல்லாப் பெண்களுக்கும்.

"எடையைக் குறைக்கச் சொல்வதில் என்ன கெடுதல், நல்லதுதானே?" என்று கடைசியாகக் கேட்பார்கள். நல்லதுதான், சரியான ஆளிடம் சரியான காரணத்தோடு சொன்னால். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தபோது மார்பகப் புற்று குறைந்ததாக 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு முதல் நாலரை கிலோ குறைத்தவர்களுக்கே 13 சதவீதம் குறைந்தது. ஹார்மோன் மாத்திரை எடுக்காதவர்கள் ஒன்பது கிலோவுக்கு மேல் குறைத்தபோது பலன் இன்னும் கூடியது. நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நிற்கிறது. வயிறு போடுவதும் அப்போதுதான். அந்த வயதில் இடுப்பை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

ஆனால் எடையைப் பேசியே தீரவேண்டும் என்பவர்கள் ஏன் கருப்பையைப் பேசுவதில்லை? முன்பு சொன்ன அதே லான்செட் ஆய்வில், அதே ஐந்து எண் ஏற்றத்துக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றின் ஆபத்து 59 சதவீதம் ஏறுகிறது; மார்பகத்துக்கு வந்த பன்னிரண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் உடம்பில் எடைக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லும் புற்றுகள் மிகக் குறைவு. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்டவேண்டும் என்பது ஒரு வரிச் செய்தி. இளஞ்சிவப்பு ரிப்பன் கூட்டத்தில் அந்த வரியை இதுவரை நான் கேட்டதில்லை. குண்டான ஆச்சி அதைச் "சூடு" என்று சொல்லி மோர் குடித்துக்கொண்டிருப்பார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர் மிஷினும் சர்க்கரை மிஷினும் வீட்டுவாசலுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் தங்கச்சியின் பையில் ஒரு டேப்பும், கேட்பதற்கு இரண்டு கேள்வியும் இருந்தால் போதும்: மார்பில் ஏதாவது புதிதாகத் தட்டுப்படுகிறதா, நின்ற பிறகு இரத்தம் பட்டதா. ஆம் என்றால் அடுத்த ஏற்பாட்டில்தான் சிக்கல். கட்டி என்று வந்தால் கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மேமோகிராம், ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது என்று மூன்று வேலை. ஆதிச்சநல்லூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நாள் என்றால் தினக்கூலிப் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போகும். இரண்டாம் நாளோடு நின்றுவிடுவாள். முதன்முதலில் மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, மூன்று வேலையையும் அந்த ஒரே நாளில் முடித்து அனுப்பினால் அந்த இலக்கைத் தொட்டுவிடலாம். அதற்கு ஒரு அறை, ஒரு ஸ்கேன், சதை எடுக்கத் தெரிந்த ஒரு டாக்டர், அந்த நாளைக்கு அந்தப் பெண்ணுக்குப் பேருந்துக் காசும் கூலியும் வேண்டும்.